பூட்டச் சொன்னால் பூட்டுகிறவன்

"வண்டியப் பூட்டுடா" என்கிறார் பண்ணையார். பபூன் ஓடுகிறான். திரும்பி வரும்போது கையில் சாவி. "பூட்டிட்டேங்கய்யா. அசல் திண்டுக்கல் பூட்டு. இனிமே எந்தக் கொம்பனும் வண்டிய நகட்ட முடியாது. மாடு ரெண்டும் வெளிய நிக்கிது, அதுக்கும் ஆளுக்கொண்ணு வாங்கிருவமா?"

இது மேடையில் கேட்டதல்ல, இந்தக் கட்டுரைக்காகக் கட்டியது. ஆனால் திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பபூன் கட்டுகிற வேடிக்கைகளில் பாதி இந்த அச்சில்தான் விழும். மாட்டை நுகத்தில் மாட்டுவதும் பூட்டுவதுதான், கதவைச் சாத்திச் சாவி போடுவதும் பூட்டுவதுதான். மாட்டு வண்டியும் பூட்டுப் பட்டறையும் அடுத்தடுத்து இருந்த ஊரில் இந்த வேடிக்கைக்கு விளக்கம் தேவைப்படாது. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய 2019-இல் பட்டறைகள் அருகிப்போயிருந்தன. மாட்டு வண்டி அதற்கும் முன்னாலேயே குறைந்துவிட்டது. இன்றைய பள்ளிப் பிள்ளைக்கு 'ஏர் பூட்டுதல்' பாடப்புத்தகச் சொல். இரண்டு பொருளில் ஒன்று செத்தால் வேடிக்கையும் செத்துவிடும்.

நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய லண்டன் மேடையிலும் இந்த ஆள் இருந்தான். ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தில் பெட்ரூச்சியோ நண்பன் வீட்டு வாசலில் வந்து நின்று, வேலைக்காரன் க்ரூமியோவிடம் கதவைத் தட்டச் சொல்கிறான். அந்தக் கால ஆங்கில வழக்கில் 'எனக்காகத் தட்டு' என்பதற்கும் 'என்னைத் தட்டு' என்பதற்கும் ஒரே சொற்கள்தான். க்ரூமியோ இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறான். எசமானை நான் எப்படி அடிப்பேன், அடித்தால் அப்புறம் யார் வாங்கிக் கட்டுவது என்று மறுக்கிறான். கதவு தட்டப்படவில்லை, எசமான் இவன் காதைப் பிடித்துத் திருகுகிறான். பூட்டப் போனவனும் தட்ட மறுத்தவனும் ஒரே குடும்பம்.

இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமையும் மடமையும் ஒன்றுதானே, ஏன் இரண்டாகச் சொன்னார் என்று தோன்றும். பேராசிரியர் உரை இரண்டையும் பிரிக்கிறது. பேதைமை, அறியாமை. மடன், பிறர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு பிறகு விடாமல் இருப்பது. நாடகக்காரருக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடைக்காது. வண்டிக்குப் பூட்டுப் போட்டவன் அறியாதவன் அல்லன். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவன். அவனைத் திட்டவும் முடியாது. சொன்ன வாயில்தான் பிழை.

அந்த நான்கில் சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருபொருள் தரும் சொல் நகைக்குக் காரணம் என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. சிரிப்பு ஆளிடமிருந்து வருகிறது. அவன் எள்ளுகிறான், அல்லது அறியாமல் பேசுகிறான், அல்லது பிடித்ததை விடாமல் நிற்கிறான். இருபொருள் சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் வேறோர் அறை ஒதுக்கியது. தண்டியலங்காரம் அதைச் சிலேடை என்று அணிகளில் வைத்து, சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தருவது செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை என்று வகையும் சொன்னது. நகை ஒரு பக்கம், சிலேடை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவரைப் பபூன்தான் இடித்தான் என்பது என் எண்ணம். எலிசபெத் காலத்து விதூஷகனும் தன் ஊரில் அதே சுவரைத்தான் இடித்தான். அதற்கு இருவரும் கையாண்ட வழி, இரண்டாவது பொருளை யார் அறிந்திருக்கிறார்கள், யார் அறியவில்லை என்பதை மாற்றி மாற்றி வைப்பது.

புலவரின் சிலேடையில் அறிந்தவர் புலவர். 15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் கட்டினார். கேட்கிறவர் திகைக்க வேண்டும், பிறகு கண்டுபிடிக்க வேண்டும், பிறகு தலையாட்ட வேண்டும். சிரிப்பு வந்தாலும் அது வியப்பின் சிரிப்பு. ஆனால் அந்த வெண்பாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாம்புக்கு நஞ்சு இருப்பது சரி. பழத்துக்கு ஏது நஞ்சு? பழம் நைந்து போவதைத் தெருவில் 'நஞ்சு போச்சு' என்கிறோமே, அதுதான். பண்டிதச் சிலேடை என்று பெயர் பெற்ற பாட்டு, பழக்கடைப் பேச்சில் ஒரு காலை ஊன்றி நிற்கிறது. பேச்சுவழக்கைக் கொச்சை என்று ஒதுக்குகிறவரால் அந்த வெண்பாவை அனுபவிக்கவே முடியாது.

மேடைக்கு வருவோம். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, கரூர் வட்டாரங்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்குத் தந்தை என்று நடிகர்கள் கும்பிடுவது சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922). மற்ற நாடகத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். தேதி கொடுத்து, நோட்டீஸில் படம் போட்டு, அன்றிரவு மேடையில்தான் பலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இது எப்படிச் சாத்தியமாகிறது? பாட்டும் விருத்தமும் சுவாமிகள் எழுதியவை, எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றுக்கு நடுவே வரும் வசனம் அவரவர் சாமர்த்தியம். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை போகும் இதில் முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸ் ஆடும் பெண்ணுக்கும் உரியது. அதற்குப் பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, எழுதிய பேச்சு என்று ஒன்றும் கிடையாது.

அதிகம் ஆடப்படுவது வள்ளி திருமணம். அதன் நடுப்பகுதி முழுக்கச் சிலேடைதான். தினைப்புனத்துக்கு வேடனாக வரும் முருகன் மானைத் தேடி வந்ததாகச் சொல்கிறான். என்ன மான், என்ன அடையாளம் என்று வள்ளி கேட்கிறாள். அவன் சொல்லும் அடையாளம் எதுவும் காட்டு மானுக்குப் பொருந்தாது. எதிரே நிற்கிற பெண்ணுக்குத்தான் பொருந்தும். அவளே மான் வயிற்றில் பிறந்தவள் என்பதால் சிலேடைக்குள் இன்னொரு சிலேடை. இந்தக் காட்சிப் பாட்டுகளுக்காகவும் நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) ஊர் ஊராகக் கொண்டாடப்பட்டார். வேடனுக்குப் பொருள் தெரியும். வந்தவர் யாரென்று பந்தலில் உட்கார்ந்திருக்கும் கிழவி முதல் மடியில் தூங்கும் பேத்தி வரை தெரியும். தெரியாதவள் வள்ளி ஒருத்திதான். தெரிந்தும் தெரியாத மாதிரி அவளாக நடிப்பவர் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல ஸ்திரீபார்ட் இதை ஒரு மணி நேரம் இழுப்பார். ராஜபார்ட் சளைத்தால் அவர் கதை முடிந்தது. மறுவருடம் அந்த ஊரில் தேதி கிடைக்காது.

பபூன் வேலை இதற்கு நேர் எதிர். அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 1990களில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்து 2005-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பபூனின் தனிப்பேச்சைப் பற்றி அவர் கண்டது முக்கியமானது. இரட்டை அர்த்தப் பேச்சைப் பபூன் சபையைப் பார்த்துச் சொல்வதில்லை. மேடையோரம் இருக்கும் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரரைப் பார்த்துச் சொல்கிறார். ஆண்களுக்குள் பேசிக்கொள்வதைச் சபை ஒட்டுக்கேட்கிறது. பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் பந்தலில் சொல்லக் கூடாததைச் சொல்வதற்கு இது ஒரு மறைவு. ஆரம்பத்திலேயே சபைக்கு வணக்கம் போட்டு, பிழை பொறுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

சைசர் இதைத் தூரம் வைத்துக்கொள்ளும் உத்தியாகப் பார்க்கிறார். சரிதான். நான் அதோடு இன்னொன்றைச் சேர்ப்பேன். பபூன் இரண்டாவது பொருளை அறியாதவன்போல் நிற்கிறான். ஆர்மோனியக்காரர் சிரித்தால் "என்ன மாமா சிரிக்கிறீக? நான் என்ன சொல்லிப்புட்டேன் இப்ப?" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வான். தப்பு சொன்னவனிடமிருந்து சிரித்தவரிடம் போய்விடுகிறது. சிலேடையில் புலவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறார். பபூன் கேட்கிறவரின் மனசைக் காட்டிக்கொடுக்கிறான். இதைச் செய்ய உண்மையிலேயே முட்டாளாக இருப்பவனால் முடியாது. ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் ஃபெஸ்டே என்னும் விதூஷகன் செய்வதும் இதுதான். தம்பட்டமும் கையுமாக நிற்கிறவனிடம் அதை வைத்துத்தான் பிழைப்பா என்று கேட்டால், கோயிலை வைத்துத்தான் என்பான்; கோயிலுக்குப் பக்கத்தில் அவன் வீடு. அவ்வளவுதான் சமாசாரம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. பேசுகிறவனுக்கு உண்மையாகவே தெரியாது. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தொல்காப்பியரின் பேதைமை. இதில் எலிசபெத் காலத்து மேடை படைத்த ஆளை வெல்ல எங்கும் இன்னும் ஆள் வரவில்லை. அவன் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்தில் வரும் காவல் அதிகாரி டாக்பெர்ரி.

நாடகத்தின் முதுகெலும்பு ஓர் அவதூறு. மணநாளுக்கு முந்தின இரவு, ஹீரோ என்னும் பெண் வேறொருவனோடு பழகுவதாக ஒரு பொய்க்காட்சியை ஏற்பாடு செய்து அவளை மணக்க இருந்தவனை நம்பவைக்கிறார்கள். சதியில் கூலிக்கு வேலை செய்த பொராச்சியோ அன்றிரவே தெருவில் கூட்டாளியிடம் அதைப் பெருமையாகச் சொல்கிறான். நடுவில், மனிதரை ஆட்டிவைக்கும் நாகரிக மோகத்தை உருக்குலைந்த திருடன் என்று வர்ணிக்கிறான். இருட்டில் நின்று கேட்ட ராக்காவலர்களுக்கு 'உருக்குலைந்தவன்' என்பது ஒரு திருடனின் பெயராகப் படுகிறது. அவனை எனக்குத் தெரியுமே, ஏழு வருஷமாகத் திருடுகிறான் என்கிறான் ஒருவன். அவன் தலையில் ஒரு 'லாக்' இருக்கும் என்று அடையாளமும் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து மைனர்கள் காதோரம் நீட்டி வளர்த்த சுருள்முடிக்கு 'லாக்' என்று பெயர். இந்தச் செய்தி மேலதிகாரி டாக்பெர்ரி வாயில் விழுந்து நாடக இறுதியில் வெளியே வருகிறபோது, அந்தத் திருடன் காதில் ஒரு சாவி மாட்டி அதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறான் என்று ஆகியிருக்கிறது. 'லாக்' பூட்டாகிவிட்டது, பூட்டு இருந்தால் சாவியும் வேண்டுமல்லவா, அதையும் டாக்பெர்ரி சேர்த்துக்கொண்டார். திண்டுக்கல்காரர் எழுதியதோ என்று சந்தேகம் வரும்.

வேடிக்கையை ஒதுக்கிவிட்டு இங்கே நடந்ததைப் பார்க்க வேண்டும். மெஸ்ஸினா நகரத்தில் இளவரசன், பிரபு, கவர்னர் என்று சொல்வன்மை உள்ள எல்லோரும் பொய்யை நம்பிவிட்டார்கள். உண்மையைப் பிடித்தவர்கள் ஒரு சொல்லையும் ஒழுங்காகக் கேட்கத் தெரியாத காவலர்கள். அதைத் திருமணத்துக்கு முன்பே சொல்லவும் வந்தார்கள். டாக்பெர்ரி பேசிய பேச்சில் பெண்ணின் தகப்பனாருக்குப் பொறுமை போய், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். டாக்பெர்ரி சாதாரணமாகப் பேசியிருந்தால் நாடகம் மூன்றாம் அங்கத்தில் முடிந்திருக்கும். அவர் சட்ட மொழியில் பேச ஆசைப்பட்டார். ஒன்றைச் சொல்ல நினைத்து அதற்கு நேர் எதிரான பெரிய சொல்லைப் போட்டார். சர்க்கார் சீட்டு வாங்கப் போய் 'விண்ணப்பதாரர்' என்பதை 'விளம்பரதாரர்' என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லும் ஊர்ப் பெரியவரை நாம் பார்த்ததில்லையா?

பெரிய சொல் மேல் அந்த ஆசை அந்தக் காலத்துக்கே உரியது. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்குள் சொற்கள் அப்போது கொட்டிக்கொண்டிருந்தன. தாமஸ் வில்சன் 1553-லேயே இந்த மசிக்கூட்டுச் சொற்களைக் கேலி செய்து எழுதினார். 1604-இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2500 அருஞ்சொற்களுக்கு எளிய சொல்லில் விளக்கம் தர வந்த சிறு நூல். படித்தவருக்கும் படியாதவருக்கும் நடுவே மொழியே ஒரு வேலியாக எழும்பிய காலம் அது. வேலி தாண்டப் பார்த்து வேட்டி கிழிந்தவர்கள் நகைச்சுவைப் பாத்திரங்கள் ஆனார்கள். 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் ஒரு சிறுவனை லத்தீன் வேற்றுமை உருபு ஒப்பிக்கச் சொல்கிறார் பாதிரியார். பக்கத்தில் நிற்கும் குவிக்லி அம்மாள் ஒவ்வொரு உருபையும் கெட்ட வார்த்தையாகக் கேட்டு, குழந்தைக்கு இதையா சொல்லிக் கொடுப்பது என்று சண்டைக்குப் போகிறாள். தொல்காப்பியரின் 'இளமை'க்கு அந்தப் பையனைச் சொல்லலாம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான், ஆனால் பொருந்துகிறது.

வேலியின் அந்தப் பக்கத்தில் இருப்பவரும் தப்புவதில்லை. திண்டுக்கல் சமவெளியில் இதற்கு நல்ல சாட்சி வத்தலக்குண்டு. அங்கே 1872-இல் பிறந்து 26 வயதில் மறைந்த பி. ஆர். ராஜமையர், 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று. அதில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். செய்யுள்களை மலையாக மனப்பாடம் பண்ணிவைத்திருப்பவர். யமகம், திரிபு என்னும் சொல்லணிகள் என்றால் அவருக்கு உயிர். உலகம் மட்டும் பிடிபடாது. ராஜமையர் அவரை அன்போடுதான் கேலி செய்கிறார். அந்தப் பக்கங்களில் வெறுப்பு இல்லை. ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் வரும் ஹோலோஃபெர்னஸ் இந்தச் சாதி. அவர் லத்தீனில் 'நம்ப மாட்டேன்' என்றால், பக்கத்தில் நிற்கும் காவலன் டல், வேட்டையில் விழுந்த மான் அந்த வகை மான் இல்லையே என்று மறுக்கிறான். வத்தலக்குண்டுக்காரருக்கு ஷேக்ஸ்பியர் தெரியாமல் இருந்திருக்காது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அதற்காக அம்மையப்ப பிள்ளை இறக்குமதி என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் அன்று மதுரை ஜில்லாப் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த நாவலின் முழுத் தலைப்பு: 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. அதற்கும் முதுகெலும்பு அவதூறுதான். மனைவி மேல் சொல்லப்பட்ட பழியை நம்பி முத்துஸ்வாமி ஐயர் மனம் உடைகிறார். சிறுகுளத்துப் பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு 'வம்பர் மகாசபை' என்று ராஜமையர் பெயர் சூட்டியிருக்கிறார். அங்கே ஒருத்தி சொன்னது அடுத்தவள் காதில் கொஞ்சம் வளர்ந்து, மூன்றாமவளிடம் முழுக் கதையாகும். டாக்பெர்ரியின் பூட்டு வளர்ந்த அதே முறை. மெஸ்ஸினாவில் அது சிரிப்போடு நின்றது. சிறுகுளத்தில் அதே முறை ஒரு வீட்டைக் கலைக்கிறது. தவறாகக் கேட்பதற்கும் தவறாகப் பரப்புவதற்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு என்பதை ஒரே நாவலுக்குள் இரண்டு ஓரத்திலும் வைத்துக் காட்டியவர் ராஜமையர். பண்டிதர் ஓர் ஓரம். மகாசபை மறு ஓரம்.

அச்சில் வந்தவை இவை. மேடை வேடிக்கை பாதிக்கு மேல் ஒலியில் இருக்கிறது. அச்சில் ஏறினால் ஆவியாகிவிடும். மதுரை–திண்டுக்கல் பேச்சில் 'ழ' பெரும்பாலும் 'ள' ஆகிவிடும். வாழை வாளையாகும், மழை மளையாகும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். கிளவி என்றால் சொல். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் இதைச் சத்தமாகச் சொன்னால் யாரையோ கிழவியாக ஆக்குகிறார்கள் என்றுதான் காதில் விழும். இங்கே பேச்சில் பிறக்கும் சிலேடையை எழுத்து கொன்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் நடந்தது வேறு: எழுத்து அப்படியே நின்றது, பேச்சு மாறிவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் காரணத்தைக் குறிக்கும் 'ரீசன்' என்ற சொல்லும் உலர்திராட்சையைக் குறிக்கும் 'ரெய்சின்' என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஆகவேதான் ஷேக்ஸ்பியரின் நகைச்சுவைப் பாத்திரமான ஃபால்ஸ்டாஃப் காரணங்களைப் பழங்களோடு ஒப்பிட்டுப் பேசுவது அன்று எடுபட்டது. 'நத்திங்' என்பதும் கவனித்தலைக் குறிக்கும் 'நோட்டிங்' என்பதும் நெருங்கி ஒலித்தன. ஒட்டுக்கேட்பதாலேயே நகரும் நாடகத்துக்கு அந்தத் தலைப்பு வந்த காரணம் இதில் கொஞ்சம் இருக்கிறது. மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் பழைய உச்சரிப்பை மீட்டுக் கொடுக்க, 2004-இல் லண்டன் குளோப் அரங்கம் அதில் 'ரோமியோ ஜூலியட்' ஆடிப் பார்த்தது. நாம் திருவிழா மேடைக்குப் போனால் போதும்.

சிலேடை மேல் கண்ணியவான்களுக்குச் சந்தேகம் இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1765-இல் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்தபோது, சொல் விளையாட்டுக்காக எதையும் பறிகொடுப்பார் இந்த மனிதர் என்று குறைப்பட்டார். மொழிபெயர்க்கிறவருக்குச் சிக்கல் வேறு. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை அமலாதித்யனாகவும் 'ஆஸ் யூ லைக் இட்'டை விரும்பிய விதமேயாகவும் கொண்டுவந்தார். கதையும் உணர்ச்சியும் கடல் தாண்டும். சிலேடை தாண்டாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். பம்மலே அப்படிச் செய்ததன் அடையாளம் அவருடைய 'சபாபதி'. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், வேலைக்காரன் மடனுக்கு இலக்கணம். 1941-இல் ஏவி. மெய்யப்பன் அதைப் படமாக்கியபோது டி. ஆர். ராமச்சந்திரன் எசமான், காளி என். ரத்னம் வேலைக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்தே ஒரு வீட்டை அலங்கோலம் ஆக்கலாம் என்று ரத்னம் செய்துகாட்டியதைத் தாண்டித் தமிழ்ப் படம் அந்த வகையில் வெகுதூரம் போய்விடவில்லை.

பபூனின் சொத்தில் ஒரு பங்கு பட்டிமன்றத்துக்கும் போயிருக்கிறது. ஊர்ப் பெயரையே முன்னால் போட்டுக்கொண்ட திண்டுக்கல் ஐ. லியோனி, பள்ளி ஆசிரியராக இருந்து நடுவர் நாற்காலிக்கு வந்தவர். சினிமாப் பாட்டைப் பாடிக்காட்டி, அதை வீட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்கும் பாணி அவரைப் பிரபலமாக்கியது. கவிஞர் உருவகமாகச் சொன்னதை நிஜமென்று பிடித்துக்கொள்வதும் மடன்தான், கோட்டுப் போட்ட மடன். இரவு பத்து மணிக்கு மேல் ஆண்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் சொன்னதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும்படி அங்கே மாற்றிக்கொண்டார்கள். அதில் சில கூர்மைகள் மழுங்கின. கேட்பவர் எண்ணிக்கை பல மடங்கானது.

டாக்பெர்ரியாக நடித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். அது அச்சுப்பிழை தந்த கொடை. 1600-இல் வந்த 'மச் அடூ' முதல் பதிப்பில் ஒரு காட்சி முழுக்க டாக்பெர்ரி என்று வர வேண்டிய இடங்களில் பெரும்பாலும் கெம்ப் என்று நடிகர் பெயரே அச்சாகியிருக்கிறது. வில் கெம்ப் லண்டனின் பெயர்பெற்ற விதூஷகர். அதே 1600-இல் லண்டனிலிருந்து நார்விச் வரை ஆடிக்கொண்டே போனவர். எழுதும்போது ஷேக்ஸ்பியர் மனதில் பாத்திரம் இல்லை, ஆள் இருந்திருக்கிறான். ஆனால் அவன் நாக்கைக் கட்டவும் பார்த்தார்கள். கெம்ப் 1599 வாக்கில் ஷேக்ஸ்பியரின் குழுவை விட்டுப் போனார். சிறிது காலத்தில் வந்த 'ஹாம்லெட்' நாடகத்தில் இளவரசன் நடிகர்களைக் கூப்பிட்டு, விதூஷகர்கள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது என்று கண்டிக்கிறான். நாடகம் முடிந்ததும் விதூஷகர்கள் ஆடிவந்த ஜிக் என்னும் ஆட்டப்பாட்டுக்கு 1612-இல் மிடில்செக்ஸ் நீதிபதிகள் தடை போட்டார்கள். பிறகு கெம்ப் போன்றவர்கள் சொந்தமாகப் பேசியது எதுவும் மிஞ்சவில்லை. எழுதிக் கொடுத்துப் பேசவைத்தது மட்டும் மிஞ்சியது.

நம் பக்கத்தில் பபூன் நாக்கை யாரும் இன்னும் முழுசாகக் கட்டவில்லை. சைசர் போன்ற ஒருவர் இருவரைத் தவிர யாரும் எழுதிவைக்கவும் இல்லை. நோட்டீஸில் அவர் படம் இருக்கும், பெயர் இருக்கும், ஊர் இருக்கும், செல்பேசி எண்ணும் இருக்கும். அன்றிரவு அவர் என்ன பேசினார் என்பது பந்தலோடு பிரிக்கப்பட்டுவிடும். இப்போது கைப்பேசியில் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதில் ஆட்டமும் பாட்டும் நன்றாகத் தெரிகின்றன. பபூன் ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பிச் சொல்கிற பேச்சு ஒலிபெருக்கி இரைச்சலில் பாதி விழுவதில்லை. அந்தப் பாதியை ஊர் ஊராக உட்கார்ந்து கேட்டு, யார் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது உட்பட எழுதி எடுக்கும் வேலையைக் காந்திகிராமத்திலோ மதுரையிலோ ஆராய்ச்சி மாணவர் யாராவது இனிமேலாவது தொடங்கலாம். டாக்பெர்ரியை ஒரு கைதி கழுதை என்று திட்டிவிடுகிறான். அவருக்கு வந்த கோபத்தைவிடப் பெரிய கவலை, எழுத்தர் அதற்குள் எழுந்து போய்விட்டாரே, நான் கழுதை என்பதைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிடப் போகிறார்களே என்பதுதான்.